லியனார்ட் கேட்டு வாங்கிய ஒரு மணி நேரம்

பிள்ளைகளின் தூக்கத்துக்காகப் போராடுவது என்று லியனார்ட் முடிவெடுத்தபோது அவர் போர்வைக்குள் இருந்தார்.

வெளியே கிள்ளான் நகரம் இன்னும் இருட்டாகவே இருந்தது. பள்ளிவாசலிலிருந்து எழுந்த பாங்கு ஓசை கூரைகளின் மேல் சற்று நேரம் தங்கிவிட்டுக் கரைந்துபோனது. அந்த நேரத்துத் தூக்கம் தனி ரகம். முன்னிரவுத் தூக்கம் ஆளை அடித்துப் போடும். விடிகாலைத் தூக்கம் மடியில் போட்டுக்கொள்ளும். வெதுவெதுப்பான ஆற்றில் மல்லாந்து மிதப்பது மாதிரி. கரை எங்கேயோ இருக்கும், போய்ச் சேர அவசரமில்லை.

தினமும் சரியாக அந்த இடத்தில்தான் அவர் மனைவி சாந்தமேரியின் கை வரும்.

"என்னங்க, எழுந்திரிங்க. பிள்ளைக்குக் காலுறை மாட்டணும்."

மகள் ஷார்மைனுக்கு எட்டு வயது. தூங்கியபடியே பள்ளிக்குப் புறப்படப் பழகியிருந்தாள். மேரி இரட்டைச் சடை பின்னும்போது தலை மட்டும் நிமிர்ந்திருக்கும், ஆள் வேறெங்கோ இருப்பாள். மைலோவைத் தூக்கத்தில் குடிப்பாள். லியனார்ட் தூக்கத்திலேயே காலுறை மாட்டுவார். ஒருநாள் இரண்டையும் ஒரே காலில் மாட்டிவிட்டு, மற்றதைத் தேடிக் கட்டிலுக்கடியில் போனவர் திரும்பி வரவில்லை. மேரி விளக்குமாற்றை விட்டு வெளியே எடுத்தாள்.

பள்ளிக்கூடம் இரண்டு வீடு தள்ளித்தான். ஆனாலும் இருட்டில் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியுமா? கொண்டுபோய் விட்டுத் திரும்பும்போது தூக்கம் கலைந்திருக்கும். பிறகு அவர் ஷா ஆலமுக்கு வேலைக்குப் போவார். மெத்தைக் கடையில் விற்பனையாளர். நாள் முழுக்க நாற்பது மெத்தைகளுக்கு நடுவே நிற்க வேண்டும். படுக்கும் உரிமை வாடிக்கையாளருக்கு மட்டும்.

அப்படிப்பட்டவர் காதில்தான் அந்தச் செய்தி விழுந்தது. பள்ளியை ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கலாமா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கம் சனிக்கிழமை கூடிப் பேசப்போகிறதாம். பெற்றோர் சம்மதித்தால் மேலிடத்தில் அனுமதி கேட்பார்களாம்.

"பிள்ளைங்களுக்குத் தூக்கம் பத்தல மேரி. மூளை வளர்ற வயசு. நான் கூட்டத்துல பேசப் போறேன்."

மேரி தோசையைத் திருப்பிப் போட்டாள். "பிள்ளைங்களுக்கா?"

"பின்ன எனக்கா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே. ஒரு மணி நேரம் கூட கெடைச்சா நீங்க என்ன செய்வீங்க?"

லியனார்ட் யோசித்தார். "ஜெபம் பண்ணுவேன்."

"படுத்துக்கிட்டா?"

"ஆண்டவர் அதையெல்லாம் பார்க்க மாட்டார்."

"நான் பார்ப்பேன்" என்றாள் மேரி. பிறகு அவர் தட்டில் தோசையை வைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இருபது வருடப் பழக்கத்தில் அவருக்கு அதுதான் எச்சரிக்கையாகப் பட்டிருக்க வேண்டும். படவில்லை.

சனிக்கிழமை பள்ளி மண்டபத்தில் மின்விசிறிகள் சோம்பலாகச் சுழன்றன. லியனார்ட் ஒலிவாங்கியைப் பிடித்தார். மெத்தை விற்கும் குரல், இறகு மாதிரி இறங்கியது. விடிகாலையில் பிள்ளையின் கன்னம் எவ்வளவு சூடாக இருக்கும் என்று சொன்னார். கனவு முடியுமுன் எழுப்பப்படும் பிள்ளை மிச்சக் கனவை எங்கே போய்க் காணும் என்று கேட்டார். தாய்மார் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். கடைசி வரிசையில் இரண்டு அப்பாக்கள் உடனே தூங்கியே காட்டினார்கள்.

தலைமையாசிரியை, "அப்போ கை தூக்கலாமா?" என்றார்.

கைகள் எழுந்தன. பாதி வழியில் குமுதா எழுந்து நின்றாள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள்.

"ஒரு நிமிஷம் டீச்சர். எங்க பாக்டரி பஸ் ஆறரைக்கு வந்துரும். ஸ்கூல லேட்டா திறந்தா என் ரெட்டைப் பிள்ளைங்கள எங்க விடறது? பஸ் ஸ்டாப்லயா?"

"அதானே" என்றார் லோரி ஓட்டும் லோகன். "நான் என் மகன லோரியில போட்டுக்கிட்டு ரவாங் போகட்டுமாண்ணே? போற வழியெல்லாம் குழி லா. தூக்கமா வரும்?"

எழுந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. தன்னுடைய ஒரு மணி நேரம் கண்முன்னே கரைவதை லியனார்ட் பார்த்தார். வேறு வழியில்லாமல் மேரியைத் தேடினார். மேரி மெல்ல எழுந்தாள்.

"எங்க வீடு பக்கத்துலதான். பிள்ளைங்கள அங்க கொண்டாந்து விடுங்க. பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் தூங்கட்டும்."

தலைமையாசிரியை லியனார்டைப் பார்த்தார். "சார், உங்களுக்குச் சம்மதமா?"

லியனார்ட் மனத்துக்குள் கணக்குப் போட்டார். மேரி எப்படியும் ஐந்துக்கே எழுந்துவிடுவாள். கேட்டை அவள் திறப்பாள். பிள்ளைகள் கூடத்தில், தான் அறையில். கதவு தடிமனான கதவு.

"தாராளமா" என்றார் ஒலிவாங்கியில். "எல்லாம் நம்ம பிள்ளைங்கதானே."

மண்டபமே கைதட்டியது. தீர்மானம் நிறைவேறியது. பின்வரிசை அப்பாக்கள் விழித்துக்கொண்டு எதற்கென்று தெரியாமல் கை தூக்கினார்கள்.

அனுமதியும் வந்தது. முதல் திங்கட்கிழமை. லியனார்ட் ஆற்றின் நடுவே மிதந்துகொண்டிருந்தார். வாசலில் லோரியின் ஹார்ன்.

போர்வையை இழுத்துக்கொண்டு காத்திருந்தார். பக்கத்தில் அசைவே இல்லை.

"மேரி, கேட்ல ஆள்."

"ம்."

"போய்த் திறயேன்."

"நான் எதுக்கு? ஷார்மைன ஏழரைக்கு எழுப்பினா போதும். இத்தன வருஷத்துல மொத தடவையா எனக்கு ஒரு நல்லது வாங்கிக் குடுத்திருக்கீங்க. அனுபவிக்க விடுங்க."

"நீதானே எடம் குடுக்கறேன்னு சொன்ன?"

"எடம் மட்டுந்தான் நான் சொன்னேன். 'தாராளமா'ன்னது நீங்க. அதுவும் மைக்குல."

"லியனார்ட் அண்ணே!" என்று வாசலில் லோகனின் குரல். மேரி புரண்டு படுத்தாள்.

லியனார்ட் எழுந்து போனார். லோகன் தோளிலிருந்த மகனை ஒரு மூட்டையைப் போல அவர் கையில் மாற்றினார். "எழுப்பிடாதீங்கண்ணே, நல்லாத் தூங்கறான்." பின்னாலேயே குமுதா, இரண்டு கையிலும் ஒவ்வொரு பிள்ளையோடு. அதற்குப் பின்னால் ஒரு வேன். வேன் நிறையத் தூக்கம்.

ஒவ்வொருவராகத் தூக்கி வந்து பாயில் கிடத்தினார். நீலச் சீருடைகள், வெள்ளைச் சட்டைகள், திறந்த குட்டி வாய்கள். கூடம் முழுக்க ஒரே சீரான மூச்சு ஏறி இறங்கியது. ஒரு சிறுமி தூக்கத்தில் யாருக்கோ பதில் சொன்னாள். இன்னொருத்தி சிரித்தாள். ஜன்னல் கண்ணாடி கறுப்பிலிருந்து சாம்பல் நிறமானது. இந்த நேரத்து உலகத்தை அவர் இதுவரை கண் திறந்து பார்த்ததில்லை. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்குப் படுக்க வேண்டும். சோபாவில் மூன்று பேர். பாயில் விரல் வைக்க இடமில்லை.

சரி, அறைக்குப் போகலாம் என்று நுனிக்காலில் நடந்தார். குமுதாவின் மகள்களில் ஒருத்தி எப்போதோ தூக்கத்தில் நடந்து வந்திருந்தாள். அவருடைய இடத்தில், அவருடைய தலையணையில், அவருடைய போர்வைக்குள் கிடந்தாள். மேரியின் கை அவள்மேல் இருந்தது. இருவர் முகத்திலும் ஒரே நிம்மதி.

லியனார்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாடை தானாகத் திறந்தது. ஒரு பெரிய கொட்டாவி அடிவயிற்றிலிருந்து புறப்பட்டது.

மேரி கண் திறக்காமலே சொன்னாள்: "அத வெளிய போய் விடுங்க. பிள்ளைங்க முழிச்சிக்கும்."