வெள்ளையம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை சர்வீஸ்

ஈப்போ முழுக்கத் தேடினாலும் லோரி அண்ணனைப் போல நாய்க்குத் தலைசீவும் மனிதர் கிடைக்கமாட்டார். இதை எழுதிக் கையெழுத்துப் போட்டே தருவேன். பலமுறை போட்டும் தந்திருக்கிறேன்.

கோப்பெங் பக்கத் தோட்டத்தில் பிறந்து, முப்பது வருடம் பாமாயில் ஆலைக்குச் செம்பனைக் குலை லோரி ஓட்டி, எங்கள் பக்கத்து வீட்டில் வந்து ஓய்ந்தவர். லோரியை விற்ற மறுவாரமே வெள்ளையம்மாவை வாங்கினார். முடி தரையைக் கூட்டும் சின்ன ஜாதி நாய். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நாய் சலூன். நடுவில் வீட்டிலேயே "சர்வீஸ்". இரண்டு நாற்காலிக்கு நடுவே அவளைப் பாலம் போல நிறுத்தி, அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்ப்பார்.

"என்னாண்ணே தேடுறீங்க?"

"ஆயில் லீக் இருக்கான்னு பாக்குறேன் தங்கச்சி."

ஆயிலை அவரே ஊற்றிய நாளும் வந்தது. தீபாவளிக் காலையில், "வீட்டுல எல்லாருக்கும் எண்ணெய்க் குளியல், இவளுக்கு மட்டும் இல்லையா லா?" என்று ஒரு கிண்ணம் நல்லெண்ணெயை உச்சி முதல் வால்வரை தேய்த்தார். மேலே சீயக்காய்த் தூள். எண்ணெயும் போகவில்லை, தூளும் போகவில்லை. மாலைக்குள் வெள்ளையம்மா வடை மாவில் விழுந்த துடைப்பம் போலாகிவிட்டாள்.

சலூன் பெண் ஒருமுறை சீப்பை வைத்துப் பார்த்தாள். இந்தச் சிக்கை இழுத்தால் தோல் புண்ணாகும் என்று மொட்டையடித்துவிட்டாள். வீடு திரும்பிய வெள்ளையம்மா கட்டிலுக்கு அடியில் போனவள்தான்; மூன்று நாள் வெளியே வரவில்லை. அண்ணனும் சோற்றுத் தட்டோடு பக்கத்தில் குப்புறக் கிடந்தார். "இனிமே உனக்கு மொட்டை இல்லைம்மா. சத்தியமா."

நாலாம் நாள் என் வாசலில் நின்றார். நான் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருப்பவள்.

"மிஷினுக்கெல்லாம் லிஸ்ட் எழுதுறல்ல? இவளுக்கும் ஒன்னு எழுதிக் குடு. அடுத்த தடவ அந்தப் புள்ள சீப்பு எங்கயும் நிக்கக் கூடாது."

சலூன் பெண்ணிடமே கேட்டு எழுதினேன். முதலில் சிக்கெடுப்பு, பிறகுதான் தண்ணீர். நனைந்தால் சிக்கு இறுகும். காதுக்குப் பின்னும் அக்குளிலும் இரண்டு முறை. முழுக்கக் காய்ந்த பிறகே விடுதலை. எண்ணெய் கூடாது என்பது மட்டும் சிவப்பு மையில்.

அண்ணன் நூறு பிரதி எடுத்தார். காதில் பேனா செருகி, வாரம் தவறாமல் டிக் அடித்தார். தாளின் அடியில் "சோதித்தவர்" என்று ஒரு கட்டம். அது எனக்கு. ஞாயிறு காலையில் பல் விளக்கக்கூட விடமாட்டார். நான் கழுத்திலிருந்து வால்வரை சீப்பை இழுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருமுறை இடது காதருகே சீப்பு நின்றது.

"சின்னச் சிக்குதானே, பாஸ் பண்ணு லா!"

"முடியாதுண்ணே."

"லோரி இன்ஸ்பெக்சன்லகூட இவ்ளோ கண்டிஷன் இல்ல!" முனகிக்கொண்டே முதலிலிருந்து ஆரம்பித்தார். வெள்ளையம்மா பெருமூச்சு விட்டாள்.

முடி வளர்ந்து, சலூன் நாள் வந்தது. அண்ணன் கோயிலுக்குக் கிளம்புவது போல வேட்டி கட்டி, என்னையும் கூட்டிப்போனார். அந்தப் பெண் சீப்பை வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். வால்வரை ஒரே ஓட்டம். காதுக்குப் பின், அக்குள், எங்கும் நிற்கவில்லை. நகமும் நுனியும் வெட்டினால் போதும் என்றவள், இடையில் எந்தக் கடையில் இவளுக்கு முடி சீவினீர்கள் என்று மலாயில் கேட்டாள்.

பெருமையில் அண்ணனுக்கு மலாய் மறந்துவிட்டது. "கடை இல்ல லா, வீட்டு சர்வீஸ்! இன்ஸ்பெக்டர் அந்தா நிக்கிது பாரு!"

போன வருடம் எனக்குப் பினாங்குக்கு வேலை மாற்றம். இப்போது ஞாயிறுதோறும் கைபேசிக்கு, சீப்பு ஓடும் வீடியோவும் தாளின் படமும் வருகின்றன. எல்லாக் கட்டத்திலும் டிக்; என் கட்டம் மட்டும் காலி. அண்ணி போடட்டுமே என்றேன்.

"அவ பாக்காமலே பாஸ் போட்டுருவா லா. நீ பாரு."

பார்க்கிறேன். தேத்தண்ணி ஆறினாலும் பரவாயில்லை, திரையில் விரலால் என் பெயரை எழுதி அனுப்பிய பிறகுதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது.