கைப்பிடிச்சுவரின் இறையியல்

பழைய ஏற்பாட்டில் எது இன்றும் செல்லும், எது சிலுவையோடு முடிந்தது என்ற கேள்விக்கு விடை தேடி, உலகத் திருச்சபை இருபது நூற்றாண்டுகளாகத் தலைமுடியை இழந்திருக்கிறது. மண்ணூர்பேட்டையில் எங்கள் ஜெபவீட்டுக் கமிட்டி அதை ஒரு சனிக்கிழமை சாயங்காலம், டீ ஆறுவதற்குள் தீர்த்துவைத்தது. கமிட்டிச் செயலாளர் என்ற முறையில் இதை உலகுக்கு அறிவிக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது.

பிரச்சினையைக் கிளப்பியவர் ஹெப்சிபா. தொழிற்பேட்டையில் லேத் இயந்திரம் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை காலை ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி பேன்ட் சட்டையோடு நேராக வந்து, எங்கள் மொட்டை மாடியில் ஞாயிறு பள்ளி நடத்துவார். மாடி புதியது. சுற்றுச்சுவர் மட்டும் இல்லை. கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு, ஆக்‌ஷன் பாட்டுப் பாடிக்கொண்டே ஒரு சிறுமி பின்னால் நகர்ந்து விளிம்புவரை போய்விட்டாள். ஹெப்சிபா பாய்ந்து கவுனைப் பிடித்து இழுத்தார். சிறுமி என் மகள். என்றாலும் சொந்தபந்தத்தைக் கூட்டத்துக்குள் கொண்டுவருவது எங்கள் மரபல்ல.

“ஐயா, மாடிக்கு சொவரு வெய்ங்க. வேதத்துலயே கீது,” என்று ஹெப்சிபா பழைய ஏற்பாட்டில் உபாகமம் இருபத்திரண்டாம் அதிகாரத்தைத் திறந்தார். “எட்டாம் வசனம். புது ஊடு கட்னா மாடிக்கு கைப்புடி சொவரு கட்டணும். இல்லாங்காட்டி, யாராச்சும் உழுந்தா ரத்தப்பழி ஊட்டு மேல.”

போதகர் எசேக்கியேல் ஐயா கண்களை மூடினார். ஆழமான சத்தியம் வரப்போகிறது என்று பொருள்.

“சிஸ்டர், அது எபிரேயருக்குக் குடுத்த நியாயப்பிரமாணம். வரப்போறதுக்கு நிழல். கைப்பிடிச்சுவர்ங்கிறது கிருபைக்கு முன்னடையாளம். கிருபைதான் வந்தாச்சே!”

“கிருபை வந்துச்சி ஐயா. சொவரு வர்லியே. புள்ளைங்கோ நெழல் மேல சாஞ்சிகினு நிக்குமா?”

சுவர் எழுந்தால், மாடியில் தெருவைப் பார்த்து நிற்கும் ஜெபவீட்டின் புது எல்.ஈ.டி. பெயர்ப்பலகையின் கீழ்வரி மறைந்துவிடும். அந்த வரியில்தான் போதகரின் பெயர் எரிகிறது. இது இறையியல் காரணம் அல்ல என்பதால் விவாதத்தில் யாரும் குறிப்பிடவில்லை.

அப்போதுதான் உறுப்பினர் அமல்ராஜ், திறந்திருந்த பக்கத்தில் விரலை வைத்துக் கூவினார். “ஐயா, அஞ்சாம் வசனத்தப் பாருங்க! ஆம்பள துணிய பொம்பள போடக்கூடாதாம். கர்த்தருக்கு அருவருப்பாம்!”

கமிட்டி முழுவதும், அன்றும் ஷிஃப்டிலிருந்து நேராக வந்திருந்த ஹெப்சிபாவின் எண்ணெய்க் கறை படிந்த பேன்ட்டைப் பார்த்தது.

“லேத்துல பொடவை சிக்குனா நானும் சேந்து சுத்துவேன், அண்ணாத்தே.”

“வேலை வேற, வேதம் வேற, சிஸ்டர்,” என்றார் அமல்ராஜ்.

“அஞ்சு இன்னிக்கும் செல்லும், எட்டு மட்டும் செல்லாதா? ரெண்டுக்கும் நடுவுல அப்டி இன்னாதான் கீது?”

போதகர் குனிந்து பார்த்தார். “குருவிக்கூடு,” என்றார்.

உண்மைதான். ஆறும் ஏழும் குருவிக்கூட்டைப் பற்றியவை. ஆகவே சிலுவை நின்ற கல்வாரி மலை அந்தக் கூட்டுக்குப் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறது என்று கமிட்டி ஒருமனதாகக் கண்டறிந்தது.

“அப்போ பதினொன்னு?” ஹெப்சிபா விடவில்லை. “ஆட்டுமயிரும் பஞ்சுநூலும் கலந்த துணி போடாதன்னு கீதே.”

அனைவரும் போதகரின் கோட்டைப் பார்த்தோம். அவர் காலருக்குள் கையை விட்டு, லேபிளைத் திருப்பிப் படித்தார்.

“அதுவும் முடிஞ்சிருச்சு,” என்றார்.

ஐந்தாம் வசனம் ‘நித்தியமானது’ என்றும், ஆறிலிருந்து மற்றவை ‘நிறைவேறிவிட்டன’ என்றும் தீர்மானம் ஆயிற்று. ஹெப்சிபா ஞாயிறு பள்ளிப் பொறுப்பிலிருந்து ‘அன்போடு விடுவிக்கப்பட்டார்’.

வாசலில் அவர் திரும்பி நின்றார்.

“பாடம் எடுக்கறப்ப நான் எங்க நிப்பேன்னு பாத்துகீறீங்களா? வெளிம்புல. புள்ளைங்க தாண்டக்கூடாதுன்னு. இனிமே அங்க யாரு நிப்பா?”

இந்தக் கேள்வி நிகழ்ச்சிநிரலில் இல்லை. ஜெபத்தோடு கூட்டம் இனிதே முடிந்தது.

ஞாயிறு பள்ளி இப்போதும் மாடியில் தவறாமல் நடக்கிறது. கமிட்டிக்காரர்களின் பிள்ளைகள் மட்டும் ‘தனிப்பட்ட காரணங்களால்’ கீழே பெற்றோர் பக்கத்தில் உட்காருகிறார்கள். என் மகள் என் மடியிலேயே இருக்கிறாள். பிஸ்கட்டுக்காக வரும் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் மேலே குதித்துப் பாடுகிறார்கள். கூரை அதிர்கிறது, கேட்க ஆனந்தமாக இருக்கிறது.

பழைய ஏற்பாட்டின் கடவுளோடு குடித்தனம் நடத்துவது கஷ்டம். விழுந்த பிள்ளைக்காக வீட்டுக்காரனைக் கேள்வி கேட்பார். நாங்கள் விசுவாசிப்பது மன்னிக்கிறவரை. மாடியிலிருந்து விழப்போவது யார் பிள்ளையோ தெரியாது. மன்னிக்கப்படப்போவது நாங்கள்தான்.