திருப்பிப் போட்ட பல்சக்கரம்

மிளகாய் மில்லின் சங்கிலி 'டக், டக், டொக்' என்று துள்ளியது. வழக்கமாக அந்த 'டொக்'குக்குச் சதாசிவம் இயந்திரத்தின் காலில் ஓர் உதை விடுவான். அன்று விடவில்லை. வாசலில் வந்து நின்ற காரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காரிலிருந்து இறங்கியவர் தங்காக் பட்டணத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சுப்ஹான் பாய். மில் முதலாளி ருக்னுதீன் அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தார். பின்னாலேயே கார் டிரைவர் நெய்னாவும் வந்தான்.

மூவரும் இயந்திரத்தின் முன்னால் நின்றார்கள். சுப்ஹான் பாய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பிறகு ஒரு கையை எடுத்து, சதாசிவத்தை நோக்கி விரலை நீட்டி, ருக்னுதீனின் காதில் ஏதோ கத்தினார். அந்த இரைச்சலில் சதாசிவத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. ருக்னுதீன் பெரிதாகத் தலையை ஆட்டினார். நெய்னாவின் முகம் மட்டும் தொங்கிப்போயிற்று. 'பாவம், நல்ல பையன், நம்மேல் இரக்கப்படுகிறான்' என்று சதாசிவம் நினைத்துக்கொண்டான்.

கார் போனதும் மிளகாய் சலிக்கிற பேச்சியம்மாள் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணே, மில்லை விக்கப் போறாங்களாம். முதலாளி கப்பலேறி ஊருக்கே போயிடறாராம்."

"யார் சொன்னா?"

"முதலாளி வீட்டம்மாதான். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுட்டு வந்து பேசி முடிச்சிடுவாங்களாம்."

"புது முதலாளி என்னை வச்சுக்குவாரா பேச்சி?"

"எந்த முதலாளி வச்சுக்கிட்டாரு? ரொட்டிக்கடை கை மாறுச்சு, மச்சான் வந்தான். எண்ணெய்க் கடை கை மாறுச்சு, அங்கேயும் மச்சான். இந்தப் பத்து பாகாட் ஊர்ல எவன் கடை வாங்கினாலும் முதல்ல வந்து இறங்குறது மச்சான்தான்லா!"

அதுதான் ஊர் வழக்கம். வேலை போவது இருக்கட்டும், மில்லுக்குப் பின்னால் இருந்த வீடு வேலையோடு ஒட்டியது. ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தை விட்டு வந்து, அந்த வீட்டில்தான் சதாசிவம் மனைவி புஷ்பவள்ளியோடு குடித்தனம் வைத்தான். மூன்று பெண்பிள்ளைகளும் பிறந்தது அங்கேதான். வேலை போனால் பாயைச் சுருட்டிக்கொண்டு மறுபடி லயத்துக்கே போக வேண்டியதுதான்.

நின்றான், உட்கார்ந்தான், எழுந்து எண்ணெய்க் குப்பியை எடுத்தான், ஊற்றாமலே வைத்தான். கடைசியில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. ஓடாத மில்லை யார் வாங்குவார்கள்?

உடைத்துப்போட அவனுக்கு மனசு வரவில்லை. அந்த இயந்திரத்தோடு அவன் பட்ட பாடு அப்படி. எப்போது உதைக்க வேண்டும், எப்போது கொஞ்ச வேண்டும், எந்தச் சத்தத்துக்கு எந்தக் கட்டையைச் செருக வேண்டும் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் காய்ச்சலில் படுத்தால் மில்லும் படுத்துக்கொள்ளும். ருக்னுதீன் அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு ஆற்றங்கரைக்குத் தூண்டில் போடப் போய்விடுவார். ஆகவே சதாசிவம் இயந்திரத்தைக் கொல்ல நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வரை கொஞ்சம் சுகமில்லாமல் படுத்துக்கிடந்தால் போதும் என்றுதான் நினைத்தான்.

மறுநாள் புதன்கிழமை மத்தியானம் முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் வேலையை ஆரம்பித்தான்.

எண்ணெய் இன்ஜினின் தண்டில் ஒரு சிறிய பல்சக்கரம், மில் கல்லின் தண்டில் ஒரு பெரிய பல்சக்கரம், இரண்டையும் சேர்த்து ஒரு சங்கிலி. பெரிய சக்கரத்தின் பற்கள் வருஷக்கணக்கில் ஒரே பக்கமாக இழுபட்டுத் தேய்ந்து, கொக்கிபோல வளைந்திருந்தன. தண்டில் செருகுகிற அதன் நடுக்குடம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததால், எப்படி வேண்டுமானாலும் மாட்டலாம். கொக்கியை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தால் சங்கிலி சிக்கித் தெறித்து விழும் என்பது சதாசிவத்தின் கணக்கு. கழற்றினான், தோசையைத் திருப்புவதுபோல் திருப்பி மாட்டினான், இன்ஜினைக் கிளப்பிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டான்.

'டக், டக், டக்.'

'டொக்'கைக் காணவில்லை. பற்களின் தேயாத பக்கம் இப்போது சங்கிலிக்கு நேராக வந்திருந்தது. சங்கிலி புதுச் சக்கரத்தில் உட்கார்ந்ததுபோல் சுகமாக ஓடியது.

கை கழுவாமலே ருக்னுதீன் ஓடிவந்தார்.

"என்னப்பா, மெஷின் நின்னு போச்சா? சத்தத்தையே காணோம்!"

"ஓடுது முதலாளி."

"ஓடுதா?" குனிந்து பார்த்தார். "அட, ஓடத்தான் செய்யுது! என்ன பண்ணினே?"

"சும்மா... திருப்பிப் போட்டேன்."

"கெட்டிக்காரன்லா நீ! இத்தனை நாளா இதை ஏம்ப்பா செய்யலே?"

சதாசிவம் தலையைச் சொறிந்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தவனைப் புஷ்பவள்ளி மடக்கினாள்.

"ஏங்க, கால்ல சக்கரமா கட்டியிருக்கு? உட்காருங்களேன். நான்தான் மாரியம்மனுக்கு நேர்ந்துகிட்டேன்ல."

"என்னன்னு?"

"வெள்ளிக்கிழமை மெஷின் தங்கமா ஓடணும், புது முதலாளி பார்த்து அசந்து போகணும்னு. கூழ் ஊத்துறதா வேண்டிக்கிட்டேன்."

சதாசிவம் அவளை முறைத்துப் பார்த்தான். "எப்ப நேர்ந்தே?"

"இன்னிக்குக் காலையிலதான்."

"அதானே பார்த்தேன்! நேர்ந்ததைத் திருப்பி வாங்கிக்க முடியுமா?"

"ஐயோ, வாயைக் கழுவுங்க!" என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அம்மனோடு மல்லுக்கு நிற்பது லேசான காரியமா? ஆனாலும் சதாசிவம் அசரவில்லை. வியாழக்கிழமை காலையில், மூலையில் கிடந்த மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்தான். முன்பிருந்த முதலாளிகள் காலத்துப் பழைய பல்சக்கரங்கள் கலகலவென்று விழுந்தன. குடமே இல்லாத வெறும் தட்டு ஒன்று. ஒரு பக்கம் மட்டும் குடம் வைத்தது ஒன்று. இரண்டு பாதியாகப் பிளந்து, போல்ட் போட்டுச் சேர்க்கிற மாதிரி ஒன்று. இந்தக் கடைசிச் சக்கரத்துக்குத் தண்டைக் கழற்றவே வேண்டாம், இரண்டு பக்கமும் வைத்து முடுக்கினால் போதும். அவசரக்காரனுக்கென்றே செய்தது.

சதாசிவம் அவசரக்காரன். தவிரவும் அந்தப் பிளவுச் சக்கரம் இன்ஜினில் இருந்ததைவிடப் பெரியது, பற்கள் அதிகம். இன்ஜின் பக்கம் பெரிய சக்கரம் போட்டால் மில் கல் பேய் வேகத்தில் சுற்றும், மிளகாய் கருகி நாறும், தெருவே திரண்டு வந்து முதலாளியைத் திட்டும். வாங்க வந்தவர் வந்த வழியே ஓடிப்போவார். நினைக்கவே அவனுக்கு இனித்தது.

மாட்டி ஓட்டினான். கல் வேகமாகத்தான் சுற்றியது. அது சுற்ற வேண்டிய வேகமே அதுதான் என்பதும், எவனோ ஒருவன் எப்போதோ சின்னச் சக்கரத்தை மாட்டி அதை நொண்ட வைத்திருந்தான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மிளகாய் கருகவில்லை. மாவாக, பட்டாக, சிவப்புப் புகையாக வந்து கொட்டியது. நீண்டுபோய்த் தொங்கிக்கொண்டிருந்த பழைய சங்கிலிக்கும் அந்தப் பெரிய சக்கரம் அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

ஒன்று மட்டும் அவன் நினைத்தபடி நடந்தது. தூள் காற்றில் பறந்து தெருவே தும்மியது. எதிர்க் கடையில் காப்பி கலக்கிக்கொண்டிருந்த சீனக்கிழவர் தும்மினார். மலாய்க்காரர் கிராமமான கம்பத்திலிருந்து தேங்காய் ஏற்றி வந்த மாட்டுவண்டிக்காரர் தும்மினார். மாடும் தும்மியது.

ஆட்கள் மில்லை நோக்கி வேகமாக வந்தார்கள். 'வாங்க, வாங்க, நல்லாத் திட்டுங்க' என்று சதாசிவம் ஒதுங்கி வழிவிட்டான்.

"தவுக்கே!" என்று சீனக்கிழவர் முதலாளி ருக்னுதீனைக் கூப்பிட்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இந்தத் தூள்ல எனக்கு ரெண்டு டின் வேணும்."

"எனக்கும்!" என்றார் வண்டிக்காரர்.

மூக்கில் துணி கட்டியிருந்த பேச்சியம்மாள், காலிச் சல்லடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, என்ன காரியம் பண்றீங்க? சலிக்க ஒரு திப்பி மிஞ்சலே. நாளைக்கு எனக்கு இங்கே என்ன வேலை? உங்களுக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்?"

"நான் வேணும்னா செஞ்சேன்?" என்று சதாசிவம் அழாக்குறையாகச் சொன்னான்.

குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்துகொண்டே இருந்தது. அவனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இன்னும் ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பாங்கு சொன்னதும் ருக்னுதீன் தொப்பியை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பினார். தங்காக்கிலிருந்து வந்துவிட்ட சுப்ஹான் பாயும், அவரோடு நெய்னாவும் நேரே பள்ளிவாசலுக்கே போய்விட்டார்கள். தொழுகை முடிந்து எல்லோரும் இங்கேதான் வருவார்கள்.

சங்கிலியின் கீழ்ப்பக்கம் ஒரு குட்டிச் சக்கரம் உண்டு. அது எதையும் இழுக்காது, எதையும் அரைக்காது. சங்கிலி தொய்யாமல் தாங்கிக்கொண்டு சும்மா சுற்றும், நாளெல்லாம் 'கீச் கீச்' என்று கத்தும்.

"சும்மா சுத்திக்கிட்டுச் சத்தம் மட்டும் போடுது, முதலாளி மச்சான் மாதிரி" என்றாள் பேச்சியம்மாள்.

"இதைக் கழற்றிட்டா சங்கிலி தொங்கிப் போய்க் கழண்டு விழுந்துடும் பேச்சி. அவங்க கண்ணு முன்னாடியே விழணும்."

"என்னவோ பண்ணுங்க. எனக்குச் சலிக்கத் திப்பி வந்தாப் போதும்."

கழற்றி மடியில் கட்டிக்கொண்டான். வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இன்ஜினைக் கிளப்பினான்.

சங்கிலி விழவில்லை. நேற்று மாட்டிய பெரிய சக்கரம் தொய்வு முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தது. தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் அந்தக் குட்டிச் சக்கரம் நேற்றிலிருந்தே வெறுமனே உரசிக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது அந்தக் 'கீச்'சும் போயிற்று. இயந்திரம் வயிறு நிறைந்த பூனைபோல 'குர்ர்' என்றது.

உள்ளே வந்த சுப்ஹான் பாய் பழக்கத்தில் காதைப் பொத்தினார். பிறகு ஒரு விரலை எடுத்தார். இன்னொரு விரலையும் எடுத்தார்.

"ருக்னுதீன், இது அதே மெஷினா?"

"அதே மெஷின்தான்! எல்லாம் நம்ம சதாசிவம் கைவேலை. மூணு நாளா சோறு தண்ணி இல்லாம இதோடவே கிடக்கான்."

சுப்ஹான் பாய் தூளைக் கிள்ளி மோந்து பார்த்தார். கூரை அதிரத் தும்மினார். "மாஷா அல்லாஹ்! மிளகாய்த்தூள்னா இதுதான்." சதாசிவத்தின் தோளைத் தட்டினார். "நல்ல வேலைக்காரர்ப்பா. எங்கே போனாலும் பிழைச்சுக்குவீங்க."

அந்தக் கடைசி வார்த்தை சதாசிவத்தின் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. சுப்ஹான் பாய் போகிற போக்கில் நெய்னாவிடம் ஏதோ சொன்னார். நெய்னாவின் முகம் மலர்ந்தது. முதலாளிகள் இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு, பிரியாணி மணம் வந்த பக்கமாகப் போய்விட்டார்கள். பேச்சியம்மாள் சல்லடையைச் சுவரில் மாட்டிவிட்டு வெளியேறினாள்.

சதாசிவம் மிளகாய் மூட்டைமேல் உட்கார்ந்தான். மடியிலிருந்த குட்டிச் சக்கரம் தொடையில் குத்தியது. எடுத்துக் கையில் வைத்துச் சுற்றினான். அழுகை வந்தது, தும்மல்தான் வெளியே வந்தது.

நெய்னா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, இதைக் கிளப்புறது இந்தக் கைப்பிடிதானே?"

"ஆமா."

"உதைக்கிறது, கட்டை செருகுறது, அதெல்லாம் ஒண்ணும் வேண்டாமே?"

"வேண்டாம். இப்ப பச்சப்புள்ளைகூட ஓட்டும்."

"அல்லா காப்பாத்தினான்." நெய்னா பின்பக்கச் சன்னலை எட்டிப் பார்த்தான். "வீட்டுக்குள்ள ஒழுகுமாண்ணே? எங்க அக்காவைக் கட்டின மச்சான்கிட்ட நான் இப்படிக் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

சதாசிவம் மெல்ல நிமிர்ந்தான். "சுப்ஹான் பாய் உன் மச்சானா?"

"ஆமாண்ணே. நாளையிலேர்ந்து இங்கே நான்தான்."

"என் வேலை போகும்னு தெரியும்ப்பா. அன்னிக்கு என்னை நோக்கி விரலை நீட்டினப்பவே உன் மச்சான் முடிவு பண்ணிட்டார்னு தெரியும்."

நெய்னா கண்ணை அகல விரித்தான்.

"அன்னிக்கா? அன்னிக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு, 'இந்தப் பேயை இந்த ஆளைத் தவிர ஒருத்தனாலும் கட்டி மேய்க்க முடியாது, மில்லை வாங்கினா இவரையும் வீட்டோட சேர்த்துத்தான் வாங்குவேன், நெய்னா காரையே ஓட்டட்டும்'னு மச்சான் சொன்னதைக் கேட்டு, மூணு நாளா சோறு திங்காமக் கிடந்தது நான்தாண்ணே!"