அரண்: எடுத்துக்காட்டுடன்

பார்த்தசாரதி அனுப்பிய செய்திக்கு ரோகிணியிடமிருந்து கட்டைவிரல் வரவில்லை. மணி எட்டாகிவிட்டது.

ஓய்வுபெற்ற இன்ஜினீயருக்கு இதெல்லாம் ஒரு கவலையா என்று கேட்காதீர்கள். தன்னைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்ட மகள் ரோகிணியோடு அவருக்கு இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. தினமும் காலை ஏழு மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் போடுவார். நாவலூரிலிருந்து அவள் ஒரு கட்டைவிரல் போடுவாள். உறவென்று மிஞ்சியிருந்தது அவ்வளவுதான்.

"அப்படி என்னதான் போட்டீங்க?" என்றாள் மனைவி லதா.

"அரண். எதிரி நுழையாதபடி ஓரிடத்தில் அசையாமல் கட்டிய காப்பு. எடுத்துக்காட்டு: அரணை விட்டுப் போனவர் மறுபடி உள்ளே வர முடியாது."

"அட கடவுளே! பொண்ணையில்ல குத்தியிருக்கீங்க!"

"சத்தியமா சதுரங்கப்பட்டினம் கோட்டைய நெனச்சுதான்டி எழுதினேன்!"

உடனே அழித்தார். அழித்தால் சும்மா இருப்பார்களா? என்ன அழித்தீர்கள் என்று ஒன்பது பேர் கேட்டார்கள். கேட்காமலே உதவுகிற மைத்துனன் மோகன், படமெடுத்து வைத்திருந்ததை மறுபடி போட்டான்.

பதறிப்போய் எடுத்துக்காட்டை மாற்றினார்: 'பெண்ணுக்குக் கணவனே அரண்.' மாப்பிள்ளையைப் புகழ்ந்த மாதிரியும் ஆச்சே!

விவாகரத்தான தங்கை ஸ்ரீதேவி குழுவை விட்டு வெளியேறினாள்.

"போதும் சாமி! போன் பண்ணி 'வாம்மா'ன்னு சொல்லுங்க. அதுக்கு எடுத்துக்காட்டு எதுவும் வேணாம்" என்றாள் லதா.

அவருக்கும் ஆசைதான். தன் பேரில்தான் தப்பு என்பது என்றைக்கோ தெரிந்துவிட்டது. பாழாய்ப்போன வாய்தான் வரவில்லை. பால்கனியில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தார். எடுக்கவில்லை.

"நேர்லயே போய்க் கூட்டிட்டு வரேன்."

"நெஜமாவா?" லதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, மாடிப்படியில் இரண்டிரண்டாக இறங்கி ஓடினார். கேட்டில் செக்யூரிட்டி சம்பத் எழுந்து நின்றார்.

"இன்னா சார், வூட்ல எதுனா பேஜாரா? ஒங்க பாப்பா காலைல ஏழு மணிக்கே பையோட வந்துச்சு. இங்கயே நின்னு போனைப் பாத்துச்சு, வந்த ஆட்டோலயே திரும்பிப் பூட்ச்சு."