நாலு மணிக்கு மரம்

"யாருய்யா அது, 'நாலு மணிக்கு மரம்'னு நூறு தடவை தேடியிருக்கிறது?" என்று கத்தினார் மேலாளர்.

புரோகிராமர் திரையை எட்டிப் பார்த்தார். செடி, விதை தேடித்தரும் இணையதளம் அது. யார் என்ன தேடுகிறார்கள் என்று எண்ணிக் காட்டும் வசதியை முந்தின நாள்தான் சேர்த்திருந்தார். சும்மா இருந்தாரா? "இனிமே எங்க தளத்துல தேடுற பெட்டியில யாரு என்ன எழுதினாலும் அப்பாவுக்குத் தெரிஞ்சிடும்" என்று ஏழு வயது மகளிடம் பீற்றிக்கொண்டும் விட்டார்.

அன்று ஆறு மணிக்கு அவளுடைய பள்ளி நாடகம். என்ன வேஷம் என்று கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போன இரண்டு வருஷமும் கோட்டை விட்டவர், இந்த முறை தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

"ஒரே ஆள்தான் சார். தட்டுற ஒவ்வொரு எழுத்தையும் ஒரு தேடலா எண்ணுது. என் தப்பு."

"அப்ப சரி பண்ணு!"

சரி பண்ணினார். நூறு ஆயிரமாயிற்று.

மேலாளர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆயிரம் பேருய்யா! நாலு மணிக்குள்ள மரம் வேணுமாம். லாரிக்குச் சொல்லிட்டேன்!"

"ஐயோ, வேணாம் சார்! ஏதோ இயந்திரம் விளையாடுது. அந்த ஆளையே தடுத்துடறேன்."

தடுத்தார். ஊர் உலகத்துக்கே தளம் திறக்காமல் போயிற்று. அந்த ஒருவரைத் தவிர மற்றவர்களை உள்ளே விடுவதற்குள் மணி ஐந்தரை. வேலை நேரத்தில் போன் கூடாது என்பது மேலாளர் சட்டம். மேலாளருடைய டிராயரிலிருந்து தன் போனைப் பிடுங்கிக்கொண்டு, திரையைக்கூடப் பார்க்காமல் ஓடினார்.

பள்ளி வாசலில் காவலாளி கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"நாடகமா? சாயந்தரம் கரண்ட் இருக்காதுன்னு நாலு மணிக்கே வெச்சு முடிச்சுட்டாங்களே!"

அப்போதுதான் போனைப் பார்த்தார். மனைவியிடமிருந்து பதினெட்டு அழைப்புகள். மூன்றாவது வருஷமும் போயிற்று. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

உள்ளே பள்ளிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் மகள். உடம்பைச் சுற்றிப் பழுப்பு அட்டை, தலை நிறையப் பச்சைக் காகித இலைகள்.

"கண்ணு, அப்பாவுக்கு யாருமே சொல்லலையேடா..."

அவள் இலைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா போன்ல உங்க பெட்டியில எழுதிட்டேதான்பா இருந்தேன். கடைசியில 'உங்களுக்கு அனுமதி இல்லை'ன்னு வந்துடுச்சு."