கம்பெனிக்கு ஆட்சேபம் இல்லை

அருள்நாதன் ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதி முடித்துவிட்டான். அதை வெளியிடத்தான் வழியைக் காணோம்.

பட்டணத்துச் சர்வகலாசாலையில் அவனுக்கு ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தது ஜெயவிருத்தி உரக் கம்பெனி. முப்பத்தெட்டாம் வருஷம் அவர்கள் புதிதாக ஒரு பொடி கொண்டுவந்தார்கள். அதைப் போட்டால் ராகி எவ்வளவு கூடுதலாக விளையும் என்று அவன் பார்த்துச் சொல்ல வேண்டும். பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டி, சித்தேரி மலையடிவாரத்தில், சென்னம்மாள் என்ற குடியானவப் பெண்ணின் மானாவாரிக் கொல்லைகளில் இரண்டைப் பிடித்தான். ஒன்றுக்குப் பொடி, மற்றதற்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது, மழைதான். இரண்டு போகம் பார்த்தான். இரண்டு போகமும் இரண்டு கொல்லையும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நின்றன. பொடியால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அப்படியே எழுதினான். அங்கேதான் வினை பிடித்தது. கம்பெனியின் சம்மதம் இல்லாமல் எதையும் அச்சில் போடக்கூடாது, வெளியே பேசவும் கூடாது என்பது ஒப்பந்தம். கையெழுத்துப் போட்ட அன்று சம்பளம் ஒன்றுதான் அவன் கண்ணில் பட்டது.

சம்மதம் கேட்டு எழுதினான். "விற்பனை நேரம். இப்போது வேண்டாம்" என்று பதில் வந்தது.

கம்பெனியின் பெயரை எடுத்துவிட்டு, 'ஒரு பொடி' என்று மாற்றி அனுப்பினான். ஜில்லாவிலேயே விற்கிற பொடி எங்களுடையது ஒன்றுதான், யார் காதில் பூச்சுற்றுகிறீர் என்று கேட்டு, சம்பளத்தையும் நிறுத்திவிட்டார்கள்.

புரொபசரிடம் ஓடினான். அவர் மூக்குக்கண்ணாடியை நிதானமாகத் துடைத்தார்.

"உண்மையைச் சொல்ல உனக்குப் பூரண சுதந்திரம் இருக்கப்பா. கம்பெனிக்காரன்கிட்ட ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வந்துடு. இல்லாட்டி பட்டத்தை மறந்துடு."

பட்டம் போனால் போகட்டும் என்றுகூட இருந்திருப்பான். ஆனால் பென்னாகரத்தில் அவன் அப்பா சவரிமுத்து, மகன் ஆராய்ச்சி செய்த பொடி என்ற பெருமையில், ஊருக்கே சேர்த்து மூட்டை மூட்டையாகச் சொல்லி வைத்திருந்தார். அது வீண் என்று பெற்ற அப்பனிடம் சொல்ல முடியாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில், "நீங்களே வந்து கண்ணால் பாருங்கள்" என்று கம்பெனி மேனேஜர் ராஜப்பனை அழைத்தான்.

ராஜப்பன் கோட்டும் தொப்பியுமாக, தோளில் ஒரு கேமராவுடன் வந்து சேர்ந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி மலையடிவாரம் வரை நடந்த கோபம் முகத்தில் அப்படியே இருந்தது.

"இது பொடி போட்டதுங்க. அது போடாதது. வித்தியாசம் தெரியுதா, நீங்களே சொல்லுங்க" என்றான் அருள்நாதன்.

தெரியவில்லை. ராஜப்பன் முகம் தொங்கிப்போயிற்று. அருள்நாதனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ராஜப்பன் விடவில்லை, வரப்பில் நின்ற சென்னம்மாளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, பொடியை எந்தக் கொல்லைக்குப் போட்டீங்க?"

"ரெண்டுக்குந்தானுங்க."

அருள்நாதன் அவள் பக்கம் வெடுக்கென்று திரும்பினான். "அந்தக் கொல்லைக்குப் போடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனேனே!"

"சொன்னீங்க, தலையாட்டுனேன். வெதைப்பு வந்தாலே நீங்க காய்ச்சல்ல படுத்துக்கறீங்க. இது பெரியவன் பங்கு, அது சின்னவன் பங்கு. ஒருத்தனுக்குப் போட்டு ஒருத்தனைப் பட்டினி போட்டா வூட்ல வெட்டுக்குத்து ஆவாதுங்களா? பெத்தவ ஓரவஞ்சனை பண்ணலாமுங்களா? மூட்டைதான் நெறைய இருந்துச்சே, ரெண்டுக்கும் தாராளமா எறைச்சேன்."

நல்லவேளை! கம்பெனி முதல் தடவையே சரி என்றிருந்தால், இந்நேரம் கட்டுரை அச்சாகி அவன் மானம் கப்பலேறியிருக்கும். தன் வாயை அடைத்த கம்பெனிக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டான்.

ராஜப்பனுக்கோ தலைகால் புரியவில்லை. "ரெண்டுக்கும் பொடி, ரெண்டும் செழிப்பு! அப்புறம் என்ன?" என்று குதித்தவர், வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்றாவது கொல்லையைப் பார்த்தார். இவை இரண்டையும்விட ஒரு சாண் உயரம். கதிர் கனத்துச் சாய்ந்திருந்தது.

"அது யாருது?"

"அதுவும் எங்குளுதுதானுங்க. ஆனா..."

"ஒரே விதைதானே?"

"ஒரே விதை, ஒரே நாள்ல வெதைச்சதுங்க. ஆனா அது வந்து..."

"போதும்மா, நீங்க சொன்னதே போதும்! இதுக்கும் நம்ம பொடிதான் விழுந்திருக்கு!"

வரப்பைத் தாண்டி, அந்தக் கதிர்களுக்கு நடுவே நெஞ்சை நிமிர்த்தி நின்று, கேமராவை அருள்நாதன் கையிலேயே கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார்.

"இதை உடனே அச்சுல போடுங்க சார்."

"முடியாதுங்க. பொடி போடாத கொல்லை ஒண்ணு இருந்தாத்தான் ஒப்பிட முடியும். நேத்து வரைக்கும் அச்சுல போடாதேன்னீங்க, இன்னிக்குப் போடுன்னு கட்டாயப்படுத்துறீங்க. நான் கண்டதைத்தான் எழுதுவேன், எதுவானாலும்."

"எழுதுங்க! எதுவானாலும் எழுதுங்க! யார் தடுத்தா?"

ராஜப்பன் பேனாவை எடுத்து, தொடையிலேயே காகிதத்தை வைத்து எழுதினார். 'இந்த மூன்று கொல்லைகளிலும் கண்டது எதுவானாலும் படத்துடன் வெளியிடலாம். கம்பெனிக்கு ஆட்சேபம் இல்லை.' கையெழுத்தை நீளமாக இழுத்துவிட்டு, படச்சுருளையும் கழற்றி அவனிடமே கொடுத்துவிட்டு, சீட்டியடித்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

அருள்நாதன் வரப்பில் உட்கார்ந்தான். இத்தனை நாள் சொல்ல விஷயம் இருந்தது, சுதந்திரம் இல்லை. இப்போது சுதந்திரம் கையில் இருக்கிறது, சொல்லத்தான் ஒன்றுமில்லை. அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

மூன்றாவது கொல்லையின் உள்ளே சலசலப்புக் கேட்டது. சென்னம்மாளின் மகள் ராமக்கா புல்லுக்கட்டோடு வெளியே வந்தாள். அதே ஊரில் கட்டிக்கொடுத்த பெண். முகம் சிவந்திருந்தது.

"ஏனுங்க, அந்தக் கோட்டுக்காரரு எதுக்கு எங்கொல்லையில நின்னுக்கிட்டு அந்தப் பொடிக்குப் பெருமை பேசிட்டுப் போறாரு?" என்றாள். "எங்க அண்ணனுங்க ரெண்டு பேருக்கும் மொறம் மொறமா அள்ளி எறைச்ச எங்கம்மா, கட்டிக்குடுத்த பொண்ணுக்கு எதுக்குன்னு எனக்கு ஒரு சிட்டிகை கூடக் குடுக்கலீங்க!"