ஆளை நிறுக்கும் விமானம்

உயிரே போனாலும் பாரியோவுக்குப் போவதில்லை என்று சுகுமாறன் முடிவெடுத்துவிட்டார். விமானத்துக்குப் பயந்து அல்ல. தராசுக்குப் பயந்து.

பாரியோ சரவாக் மலைக்குள்ளே இருக்கிறது. மச்சினி ஷாமினியும் அவள் கணவன் விஜயனும் அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறார்கள். விடுமுறைக்குக் கைக்குழந்தையோடு வரலாமா என்று அவர்கள் கேட்டபோது, "பச்சப்புள்ளைய தூக்கிக்கிட்டு அவ்ளோ தூரமா? பாவம்லா!" என்று உருகித் தட்டிக்கழித்தவர் இவர்தான். உண்மைக் காரணம் சகலையின் குறட்டை. போன தடவை அந்தக் குறட்டையில் பிரிக்பீல்ட்ஸ் வீட்டை ஒட்டி ஓடும் ரயில்களே சத்தமில்லாமல் போய்வந்தன.

"அவங்க வர முடியாட்டி நாம போவோம்," என்றாள் மனைவி புனிதா, இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே. "மிரி வரைக்கும் பெரிய பிளேன். அப்புறம் மாருடி. மாருடிலேர்ந்து பாரியோவுக்குக் குட்டி பிளேன். ஏறுறதுக்கு முன்னால பேக்கோட ஆளையும் நிறுப்பாங்களாம். எத்தன கிலோன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

சுகுமாறனுக்கு வியர்த்தது. டாக்டர் இளைக்கச் சொன்னதிலிருந்து வீட்டில் ஓட்ஸ் கஞ்சி. கிள்ளானில் வேலையிடத்துக்குப் பக்கத்தில் பரோட்டா மாதிரி ரொட்டி சானாய், முட்டை போட்டது, இரண்டு. ஆனாலும் குளியலறைத் தராசில் எட்டுக் கிலோ இளைத்திருந்தார். தராசுக்கு அடியில் முள்ளை நகர்த்த ஒரு திருகு இருக்கிறதே, கணவன்மார்களுக்கென்றே கடவுள் வைத்தது. முள் இறங்கியதைப் பார்த்துப் பூரித்துப்போன புனிதா அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். மாருடியில் தராசு ஏறினால் அவர் விமானம் ஏறுவதற்குள் மானம் கப்பலேறிவிடும்.

அவசரமாகப் போனை எடுத்துத் தூரம் பார்த்தார்.

"புனிதா! மாருடி பாரியோ வெறும் நூத்தி முப்பது சொச்சம் கிலோமீட்டர். நாப்பது நிமிஷம்லா! கிள்ளான்லேர்ந்து நான் வீட்டுக்கு வர்ற ஜாம்ல போய்ட்டே திரும்பிரலாம்!"

"அப்ப நாம ஈசியா போலாம்."

"நாம ஏன் போவணும்? அவங்க வரட்டும்!"

"புள்ள பாவம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"என்னா பாவம்? ஏறுனா பால் குடிக்கும். குடிச்சு முடிக்கிறதுக்குள்ள எறங்கிரும்."

"விஜயன் குறட்டை விடுவாரே?"

"அதா? எனக்குத் தாலாட்டு!"

"ஒரு மாசம் இருப்பாங்க."

"ரெண்டு மாசம் இருக்கட்டும்! நம்ம ரூமையே குடுத்துருவோம். நான் ஹால்ல படுத்துக்கறேன்."

"தேங்க்ஸ் அத்தான்!" என்றது சமையல் மேடையில் கிடந்த புனிதாவின் போன். இவ்வளவு நேரமும் ஷாமினி அதில் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "நீங்களே கூப்புடுவீங்கன்னு அக்கா சொன்னாங்க. போன வாரமே டிக்கெட் போட்டாச்சு!"

கதவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த புது மெத்தை அப்போதுதான் சுகுமாறன் கண்ணில் பட்டது. ஓர் ஆள் படுக்கிற அகலம்தான். போகட்டும். கட்டில் போனால் என்ன, ரகசியம் பிழைத்ததே! அந்தச் சந்தோஷத்தில் சீட்டிகூட அடித்தார். நாளைக்கு ரொட்டி சானாய் மூன்று.

"என்னங்க," என்று புனிதா கூப்பிட்டாள். "அவங்க வர்றதுக்குள்ள அந்தத் தராசுத் திருக பழையபடி திருப்பி வச்சிருங்க. இப்ப இருக்கற மாதிரியே புள்ளைய நிறுத்தா, எட்டுக் கிலோவக் கொறச்சு, புள்ளையே இல்லேன்னு காட்டும்."